துறைமுகத்தின் பிள்ளைகள் எதற்காகப் படிக்கிறார்கள்?

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசாத அரசியல்வாதி இந்நாட்டில் இல்லை. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அது. ஆழமானது, காற்றுக்கும் கடலுக்கும் மறைவானது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என நான்கு ஐரோப்பிய வல்லரசுகள் அதற்காகக் கப்பல்களைச் செலுத்தின, கோட்டைகளைக் கட்டின, இரத்தம் சிந்தின. அதே திருகோணமலைக்கு அரசின் ஏடுகளில் இன்னுமொரு பெயர் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கென வகுக்கப்பட்ட, கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று.

இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்க்க எவரும் விரும்புவதில்லை. துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர் கப்பற்பாதை, எண்ணெய், வல்லரசுப் போட்டி என்று பேசுகின்றனர். கல்வியைப் பற்றிப் பேசுவோர் பரீட்சை, பெறுபேறு, வெட்டுப்புள்ளி என்று பேசுகின்றனர். துறைமுகத்துக்கு அருகே, லூர்து அன்னையின் திருத்தலத்தால் நாடெங்கும் அறியப்பட்ட பாலையூற்றிலிருந்து காலையிற் பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைக்கு இவ்விரு பேச்சுகளும் ஒன்றுதான். அப்பிள்ளையின் தகப்பன் நாட்கூலிக்குப் போகிறவனாயின், தன் வாழ்வின் மிச்சத்தை எல்லாம் அவன் அந்தப் பிள்ளையின் படிப்பிலே வைத்திருக்கிறான். அந்தப் படிப்பு எதற்கு? அது யாருடைய வளர்ச்சிக்கு? இதுவே நாம் கேட்கும் கேள்வி.

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. இரண்டையும் நாம் நிராகரிக்கிறோம்.

முதலாவது விடை பரிசளிப்பு விழா மேடைகளில் ஒலிப்பது. கல்விதான் வளர்ச்சியின் திறவுகோல்; படியுங்கள், எல்லாம் தானே வரும் என்பது அது. இரண்டாவது விடை மேடைகளில் ஒலிப்பதில்லை. கடன் கொடுப்போரின் அறிக்கைகளிலும் வரவுசெலவுத் திட்டத்தின் அடிக்குறிப்புகளிலும் மறைந்திருப்பது. இந்நாட்டிற் படிப்பு அளவுக்கு மிஞ்சிவிட்டது. பட்டம் பெற்றவன் வேலை கேட்டு வீதியில் நிற்கிறான். ஆகவே ஏழைப் பிள்ளைக்கு ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொடுங்கள், உயர்கல்வி வேண்டியவன் பணம் கொடுத்துப் படிக்கட்டும் என்பது அது. முதல் விடை பாதி உண்மை. இரண்டாவது முழுப் பொய். ஆனால் முதலாவது பாதி உண்மையாக நிற்கும்வரை இரண்டாவது பொய்க்கு உயிர் இருந்துகொண்டே இருக்கும். ஆகையால் இரண்டையும் ஒருங்கே ஆராய வேண்டியிருக்கிறது.

இந்நாட்டின் மக்கள் கல்வியால் எதுவும் பெறவில்லை என்று சொல்வோர் வரலாறு அறியாதவர். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. வாக்குரிமை பெற்றவன் எழுத்தறிவு கேட்டான். கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்டோபரிற் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி நடைமுறைக்கு வந்தது. எல்லாரும் படித்துவிட்டாற் கூலிக்கு ஆள் எங்கே கிடைக்கும் என்று அஞ்சியோர் அன்றும் இருந்தனர். அவர்களின் அச்சத்தை மீறியே அது வந்தது. 1946 இல் நூற்றுக்கு ஏறத்தாழ 58 ஆக இருந்த எழுத்தறிவு, 2012 குடிசன மதிப்பீட்டில் 95 ஐத் தாண்டியது. 1940களின் நடுவில் ஆயிரம் குழந்தைகளுக்கு நூற்றுக்கு மேற்பட்டவை ஒரு வயது நிறைவதற்குள் மாண்டன. இன்று அத்தொகை பத்துக்குக் கீழே. வைத்தியசாலைகளும் மலேரியா ஒழிப்பும் மட்டும் இதைச் செய்யவில்லை. எழுத வாசிக்கத் தெரிந்த தாய் இதைச் செய்தாள். கல்வியின் சமூகப் பயனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அந்த வெற்றியும் முழுமையானதன்று. மலையகத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு அது நெடுங்காலம் எட்டவில்லை. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரின் உரிமையைப் பறித்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை ஒற்றை ஆசிரியரோடும் ஒழுகும் கூரையோடும் கிடந்தன. நம்மவர் கை சுத்தமென்று சொல்வதற்கும் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1920களின் இறுதியிலே, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற விதி வந்தபோது, பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீ வைத்தவர்கள் அந்நியர் அல்லர். வாங்கில் உட்காரும் உரிமைக்காகக் கூடப் போராட வேண்டியிருந்தது. கல்வி ஒருபோதும் தானமாகக் கிடைத்ததில்லை. கேட்டுப் பெற்றவர்களுக்கே கிடைத்தது. கல்வியின் மகிமையைப் பாடும் மேடைகளில் இந்தப் பகுதி மட்டும் ஏனோ சொல்லப்படுவதில்லை.

இனி, கல்வி சமூகத்தை இவ்வளவு மாற்றியும் பொருளாதாரத்தை ஏன் மாற்றவில்லை என்பதைக் காண்போம். அதற்குத் திருகோணமலையைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது.

ஆங்கில ஏகாதிபத்தியம் இத்துறைமுகத்தைத் தன் கடற்படைக்காக வளர்த்தது. சீனன்குடாவின் காட்டுக்குள்ளே பாரிய எண்ணெய்க் குதங்களைக் கட்டியது. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. அந்தத் தளம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது என்பது மெய். ஆனால் எத்தகைய வேலை? சுமக்கவும் தீட்டவும் துடைக்கவும் ஆட்கள் வேண்டும். கணக்கு எழுத லிகிதர் வேண்டும். கப்பலை வரையவும் கட்டவும் தெரிந்தவன் இங்கே உருவாக வேண்டிய அவசியம் அந்தப் பேரரசுக்கு இருக்கவில்லை. 1957 ஒக்டோபரிலே தளம் இலங்கையின் கைக்கு வந்தது. நாடு மகிழ்ந்தது, மகிழ வேண்டியதே. ஆனால் தளத்தை நம்பியிருந்த தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்களுட் சில நூறு தமிழ்க் குடும்பங்களை உட்பகுதியிற் குடியமர்த்த வகுத்த திட்டமே 1958 இன் வன்செயலுக்கு முந்திய பதற்றத்தை வளர்த்த காரணங்களுள் ஒன்றாயிற்று. வேலையற்றவனுக்கு வேலை காண முடியாத அரசியல், அவனை இன்னோர் ஏழையின் பகைவனாக்கியது.

அதன் பின்னரான கதை என்ன? எண்ணெய்க் குதங்களிற் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் காடு மூடிக் கிடந்தன. 2022 சனவரியிற் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 14 குதங்கள் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் எனப் பங்கிடப்பட்டன. பங்கீடு பற்றிப் பாராளுமன்றத்திற் பேசினார்கள், பத்திரிகைகள் எழுதின. இக்குதங்களைப் பராமரிக்கவும், எண்ணெய் சுத்திகரிக்கவும், அதன் இரசாயனத்தை ஆராயவும் வல்லவர்களை இம்மாவட்டத்தின் பாடசாலைகள் உருவாக்குமா என்ற கேள்வியை எழுப்பினோர் எத்தனை பேர்?

கந்தளாயைப் பாருங்கள். பெருங்குளத்தின் நீரை நம்பி 1960 அளவில் அரசு ஒரு சீனித் தொழிற்சாலையை அங்கே நிறுவியது. கரும்பு விளைவிப்பவன், இயந்திரம் ஓட்டுபவன், இரசாயனம் படித்தவன் என மூவரையும் ஒரே ஊரில் இணைக்கக்கூடிய முயற்சி அது. 1990களில் அது மூடப்பட்டது. இயந்திரங்கள் துருப்பிடித்தன, கரும்புச் செய்கையாளன் கடனாளியானான்.

இன்னும் வடக்கே புல்மோட்டைக்குப் போங்கள். அங்கே கடற்கரை மணலே செல்வம். இல்மனைற், ரூடைல், சேர்க்கோன் முதலிய கனியங்கள் இவ்வளவு செறிவாகக் கிடக்கும் கரைகள் உலகில் அரியவை. 1957 இல் இதற்கெனவே அரசு ஒரு கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியது. மணலை அள்ளுகிறோம், பிரிக்கிறோம், கப்பலில் ஏற்றுகிறோம். அந்த மணலிலிருந்து வெள்ளை நிறமியும் உலோகமும் உருவாவது வேறு நாடுகளில். அவற்றை விலை கொடுத்து வாங்கி நம் வீட்டுச் சுவருக்குப் பூசுபவர் நாம். மணலை மணலாகவே ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு இரசாயனவியலாளன் எதற்கு? பொறியியலாளன் எதற்கு? அள்ளுபவனும் கணக்கெழுதுபவனும் போதுமே!

நம் வாதத்தின் நடுவிடம் இதுதான். படித்தவனுக்கு வேலை இல்லாதது படிப்பு மிகுந்ததால் அன்று. மூலப்பொருளை விற்று முடிபொருளை வாங்கும் பொருளாதாரத்துக்குப் படித்தவன் தேவைப்படாததால். குறை வகுப்பறையில் மாத்திரம் இல்லை. வகுப்பறைக்கு வெளியே காடு மூடிய குதங்களிலும் துருப்பிடித்த ஆலையிலும் கப்பலேறும் மணலிலும் இருக்கிறது.

இது இலங்கைக்கு மாத்திரம் உரிய விதியன்று. ஆபிரிக்கக் கண்டம் முழுவதும் இதே பாடத்தை நம்மைவிடக் கொடுமையாகப் படித்தது. பெல்ஜியத்தின் கீழிருந்த கொங்கோவிலே ஆரம்பப் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகளின் தொகை, அயல் நாடுகளோடு ஒப்பிட்டாற் குறைவானதன்று. ஆயினும் 1960 யூன் 30 ஆந் திகதி அந்நாடு விடுதலை பெற்றபோது அங்கிருந்த கொங்கோலியப் பட்டதாரிகள் சில பத்துப் பேரைத் தாண்டவில்லை. இதை அசட்டை என்று எண்ணுவது தவறு. செம்பையும் வைரத்தையும் அகழ்ந்து ஏற்றுமதி செய்ய எழுத்துக்கூட்டி வாசிக்கும் தொழிலாளி போதும். சுரங்கத்தை நிருவகிக்கவல்ல கொங்கோலியன் வேண்டாம் என்பதே அந்தக் கல்விக் கொள்கை.

தன்சானியாவின் அனுபவம் இதனினும் ஆழ்ந்து கற்கத்தக்கது. 1967 இல் அரூஷா பிரகடனத்தைத் தொடர்ந்து, ஜூலியஸ் நைரேரே தன்னிறைவுக்கான கல்வி என்ற கருத்தை முன்வைத்தார். பாடசாலை கிராமத்திலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்து நகரத்து நாற்காலிக்கு அனுப்பும் ஏணியாக இருத்தலாகாது. பாடசாலைக்கு வயல் வேண்டும். உழைப்பும் அறிவும் ஒன்றாக வளரவேண்டும் என்றார். சில ஆண்டுகளில் அந்த ஏழை நாடு தன் பிள்ளைகளிற் பெரும்பாலோரைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது, முதியோருக்கும் எழுத்தறிவித்தது. மனிதகுலம் பெருமைப்படத்தக்க சாதனை அது. ஆனால் அந்நாட்டின் கோப்பிக்கும் கற்றாழை நாருக்கும் பருத்திக்கும் விலை குறித்தவன் தன்சானிய விவசாயி அல்லன். விலை வீழ்ந்தது, கடன் ஏறியது, 1980களிற் கடன் கொடுத்தோரின் நிபந்தனைகள் வந்தன, பாடசாலைக் கட்டணம் திரும்பி வந்தது, பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினர். கட்டணம் மீண்டும் ஒழிய 2001 வரை செல்லவேண்டியிருந்தது. கென்யாவில் 2003 இல் ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கியபோது, அதே ஆண்டிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். ஏழைப் பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியாது என்று பேசுவோர் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

கைத்தொழிற் கல்வியை உபதேசிப்போருக்கும் ஆபிரிக்காவே விடை வைத்திருக்கிறது. கானாவை ஆராய்ந்த பிலிப் பொஸ்டர் என்ற சமூகவியலாளர் 1965 இல் ஒன்றை எடுத்துக்காட்டினார். பிள்ளைகள் தச்சுப் பட்டறையை விட்டு இலக்கியமும் கணக்கும் படிக்க ஓடியது அறியாமையால் அன்று. தச்சனுக்குக் கிடைத்த கூலியைவிட லிகிதருக்குக் கிடைத்த சம்பளம் அதிகமாயிருந்ததால். பிள்ளையின் விருப்பத்தைப் பாடத்திட்டம் தீர்மானிப்பதில்லை, கூலி தீர்மானிக்கிறது. நம் நாட்டிலும் 1930களிற் கிராமியக் கல்வி என்று ஹந்தெஸ்ஸவில் ஒரு திட்டம் முளைத்தது. கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டி, நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் என்றால் அதன் பொருள் என்னவென்று கிராமத்தான் உடனே விளங்கிக்கொண்டான். உழைப்பை நாம் இழிவாகக் கருதவில்லை. கைத்தொழில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாகட்டும். தலைநகரின் பெரும் கல்லூரிகளிலும் பட்டறை திறக்கட்டும். ஏழையின் பிள்ளைக்கு மாத்திரம் தொழிற்கல்வி என்பது கல்வித் திட்டமன்று. சாதிமுறையின் புதிய பெயர்.

1971 ஏப்ரலில் இந்நாட்டுச் சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் ஆயுதமேந்தினர். அவர்களுட் பலர் இலவசக் கல்வியின் பிள்ளைகள். படித்து முடித்தபின் தம் கிராமத்தில் எதிர்காலத்தைக் காணாதவர்கள். அதே ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் குழு இவ்விடைவெளியையே ஆராய்ந்தது. அதற்கு ஆட்சியாளர் கண்ட விடை என்ன? கைத்தொழிலைப் பெருக்கினார்களா? பல்கலைக்கழக இடங்களைப் பன்மடங்காக்கினார்களா? இல்லை. இருந்த சில இடங்களைப் பங்கிடும் முறையை மாற்றினார்கள். மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவனுக்கு இழைத்த அநீதி வெளிப்படையானது. அதை எந்த நியாயத்தாலும் மூடமுடியாது. மாவட்ட ஒதுக்கீட்டின் கதை சற்று வேறு. திருகோணமலை, மன்னார், வவுனியா போன்ற இடங்களின் பிள்ளைகள் சிலர் அதனாலேயே பல்கலைக்கழக வாசலை மிதித்தனர். இதை ஒப்புக்கொள்ள நாம் தயங்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு தட்டுச் சோற்றுக்கு இருவரை அடிபடவிட்டு, சோற்றுப் பானையின் அளவைப் பற்றிப் பேசாதிருந்ததே அந்த அரசியலின் சூழ்ச்சி. இன்றும் உயர்தரத்திற் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோருள் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது.

கல்வியும் உயிரும் வெவ்வேறல்ல என்பதையும் திருகோணமலை அறியும். 2006 சனவரி 2 ஆந் திகதி மாலை, இந்நகரின் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். படித்து முன்னேறுங்கள் என்று சொன்னதைக் கேட்டுப் படித்தவர்கள் அவர்கள். அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் பதின்மூவரும் 2019 யூலையில், போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டனர். நீதி இல்லாத நாட்டிற் கல்வி திறவுகோல் என்று எவர் சொன்னாலும், அந்தத் திறவுகோல் எந்தக் கதவுக்கு என்று அவர்களின் பெற்றோர் கேட்பர். அக்கேள்விக்கு நாடு இன்னும் விடை கூறவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். அண்மைய ஆண்டுகளில் இலங்கை அரசு கல்விக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டை எட்டுவதே அரிது. 2012 இற் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதங்களுக்கு மேலாக வேலைநிறுத்தம் செய்து நூற்றுக்கு ஆறு கேட்டனர். அந்தக் கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது. 2022 இல் நாடு வங்குரோத்தானபோது, பரீட்சைத்தாள் அச்சிடக் கடதாசி இன்றித் தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்த காட்சியையும் கண்டோம். நாட்டிலுள்ள ஏறத்தாழப் பத்தாயிரம் பாடசாலைகளுள், உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை பத்தில் ஒன்றளவே. அத்தகைய பாடசாலை இல்லாத ஊரிற் பிறந்த பிள்ளை பௌதிகம் படிக்க விரும்பினால், முதலில் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். வெளியேற வழியில்லாதவள் கலைப்பிரிவிற் சேர்கிறாள். பின்னர் கலைப்பட்டதாரிகள் மிகுந்துவிட்டனர் என்று அவளையே குற்றஞ்சாட்டுகிறார்கள்.

இலவசக் கல்வி ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில் வசதிக் கட்டணம், அபிவிருத்திச் சங்கப் பணம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தனியார் வகுப்பு. பகலிற் பாடசாலையில் இலவசமாகக் கிடைக்காத பாடம் மாலையில் விலைக்குக் கிடைக்கிறது. எவரும் சட்டம் இயற்றாமலே, எவரும் வாக்களிக்காமலே, கன்னங்கரா பெற்றுத்தந்த உரிமையின் அரைவாசி சந்தைக்குப் போய்விட்டது.

தமிழர் மத்தியிலே கல்வியே எங்கள் மூலதனம் என்று ஒரு வாக்கு வழங்குகிறது. மூலதனம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மூலதனம் இலாபம் கிடைக்கும் இடத்துக்கு ஓடும் இயல்புடையது. இங்கே ஊரார் வரியில் உருவான வைத்தியனும் பொறியியலாளனும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போகிறார்கள். போகாதவர் போகும் நாளை எண்ணுகிறார்கள். போனவரை நாம் ஏசவில்லை. போரும் அச்சமும் துரத்தியோர் பலர். ஆனால் ஊரைவிட்டு ஒருவனை ஏற்றிவிடுவதே கல்வியின் வெற்றி என்று கொண்டாடும் சமூகம், ஊரை உயர்த்தும் கல்வியை எப்போது கேட்கப் போகிறது? புல்மோட்டை மணலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? இரண்டும் மூலப்பொருளாகவே ஏற்றுமதியாகின்றன.

ஆகவே நாம் கேட்பவை தெளிவானவை. ஒவ்வொரு பிரதேசத்திலும் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் முழுமையான உயர்தரப் பாடசாலைகள் வேண்டும். அவற்றுக்கு நிரந்தர ஆசிரியர் வேண்டும். கல்விக்குத் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு ஆறு வேண்டும். திருகோணமலையிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திற் கடலியலும் துறைமுகப் பொறியியலும் கனிய இரசாயனமும் வளரவேண்டும். குதங்களையும் மணலையும் கடலையும் பற்றிய எந்த ஒப்பந்தமும், எத்தனை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எந்தத் தொழிலறிவு தரும் என்ற கணக்கின்றிக் கைச்சாத்திடப்படலாகாது. புல்மோட்டை மணல் புல்மோட்டையிலேயே முடிபொருளாகட்டும். இவை கல்வி அமைச்சிடம் மாத்திரம் கேட்பவை அல்ல என்பது வாசகர்களுக்கு விளங்கும். கல்விப் பிரச்சினை கல்வி அமைச்சுக்குள்ளே தீராது.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! படி, எல்லாம் வரும் என்று பிள்ளையிடம் சொல்வது பொய்யான ஆறுதல். படித்து என்ன கண்டாய் என்று சொல்வது அதனினும் பெரிய துரோகம். வகுப்பிலே உலகப்படத்தை விரிக்கும்போது திருகோணமலைத் துறைமுகத்தையும் காட்டுங்கள். அதன் ஆழத்தைச் சொல்லுங்கள். அதன் குதங்களை எண்ணச் சொல்லுங்கள். மணல் எங்கே போகிறது, எந்த விலைக்குப் போகிறது, என்னவாகித் திரும்பி வருகிறது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லவேண்டியதில்லை. கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளை, இத்துறைமுகம் யாருடையது என்று தானே கேட்கும். அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்த தலைமுறையே கல்வி நமக்குத் தரக்கூடிய மிகப் பெரிய வளர்ச்சி.